மெதுவாக மூடவும்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே தகரக் கூரை நெருப்பாய்க் கொதிக்கிறது. கராஜ் அரை நாள்தான்.

இன்றைய வேலை:
– ஓட்டோ, ஹோர்ன் அழுத்தினால் வைப்பர் ஆடுகிறது. ஏர்த் வயர் கறள் பிடித்திருந்தது. சரி.
– வெள்ளைக் கார், உள் லைட் அணையவே அணையாதாம். இரண்டு இடத்தில் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். கூரைச் சுவிட்சை அவர்களின் சின்ன மகள் ஒரு பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாள். ஒரு விரலால் திருப்பினேன். தகப்பனின் முகத்தைப் பார்க்க வேண்டும்!
– கடலில் விழுந்த ரிமோட் ஒன்று. அரிசிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். நம்பிக்கை இல்லை.

"பாஸ் இல்லையோ?" இன்று நான்கு பேர் கேட்டார்கள். என் மனுசன் மோகன் தோஹா போய் இரண்டு வருடம். பெயர்ப் பலகையில் இன்னும் அவர் பெயர்தான். "பாஸ் நான்தான்" என்று சொல்லிச் சொல்லி வாய் உளைகிறது. நாலாவது ஆள் என்னைத் தாண்டிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். மோகனை நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்ற நினைப்பு.

மத்தியானம் சூரை மீன் குழம்பு. புளி கூடிப் போனது.

ஓகஸ்ட் 4, திங்கள்

காற்று இன்னும் பலம். வாசல் கூட்டி முடிக்க முதல் மணல் திரும்ப வந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு ஒரு பழைய வான். மூதூர் மஜீத் காக்கா. ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளைத் தாடி, சேர்ட் பையில் மூன்று பேனை.

"தங்கச்சி, பாஸ் இரிக்காரா?"

"பாஸ் நான்தான் காக்கா."

"சரி. அலாரம் தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியும் என்றேன். கதையைச் சொன்னார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இரத்தம் சுத்திகரிக்கப் போகும் ஐந்து நோயாளிகளை ஏற்றுகிறார். சம்பூரில் ஒருவர், மூதூரில் இரண்டு, கிண்ணியாவில் இரண்டு. காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, வானை உள்ளே பூட்டி விட்டு, மத்தியானம் வரை காத்து நிற்பார். இரண்டு மாதமாக அந்த நேரத்தில்தான் அலாரம் தன்பாட்டில் கத்துகிறதாம். இன்று காலையும் கத்தி, உள்ளே படுத்திருந்த நோயாளிகள் எல்லாரும் எழும்பிவிட்டார்களாம். அதுதான் அவர்களை அங்கே விட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார். வாசலில் நிற்கிற காவல்காரர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒருதரம் சத்தம் வந்தால் வான் உள்ளே வரக்கூடாது, வெளியே பெரிய ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

"ரோட்டில இருந்து அவங்கள் நடக்க ஏலுமா புள்ள? ஊசி ஏத்தி முடிஞ்சா நிக்கவே ஏலாது."

இதைவிட ஒன்று. சம்பூரில் இருந்து வருகிறவர் தவமணி டீச்சர். இளைப்பாறிய கணக்கு டீச்சர். இரண்டு மாதத்துக்கு முன்தான் வானில் சேர்ந்தவர். "டீச்சர் ஏறின நாளில இருந்துதான் இந்தச் சனியன்" என்று வானில் இரண்டு பேர் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அது டீச்சரின் காதிலும் விழுந்துவிட்டது. அடுத்த கிழமையில் இருந்து தான் பஸ்ஸில் போகிறேன் என்று இன்று காலை சொல்லிவிட்டாராம். சம்பூரில் இருந்து ஒரு பஸ், மூதூரில் மாறி இன்னொரு பஸ். அந்த உடம்போடு.

எனக்கு வந்த கோபம்! ஒரு மனுசி ஏறினால் அலாரம் கத்துமாம். வயருக்குச் சகுனம் தெரியுமா?

மஜீத் காக்காவின் சொந்த ஆராய்ச்சி: (1) ஆஸ்பத்திரி மெஷின்களின் கரண்ட். (2) நேவியின் ரேடார். இந்த ஊரில் எது பழுதானாலும் நேவி ரேடார்தான். என் பக்கத்து சலூன்காரர் தன் ரேடியோ கரகரப்புக்கும் அதைத்தான் சொல்கிறார். (3) மான். ஆஸ்பத்திரிப் பக்கம் திரிகிற மான்கள் வானில் முதுகு தேய்க்கின்றனவாம். மூன்றாவதை நான் சிரித்துத் தள்ளவில்லை. அது நடக்கக்கூடியது.

மீற்றர் வைத்துப் பார்த்தது: பற்றரி நல்லது, ஆனால் இந்த இரண்டு மாதத்துக்குள் இரண்டு தரம் இறங்கினதாம். பொனற் சுவிட்ச் நல்லது. நான்கு கதவுச் சுவிட்சும் நல்லவை போலத்தான். பூட்டினால் ஒருதரம் "பீப்". அதிர்வு சென்சரைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். மான் இனி ஆசை தீரத் தேய்க்கலாம்.

ஆனால் மனம் ஒப்பவில்லை. நாளைக்கு வானை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் மோகன் போன். வான் கதையைச் சொன்னேன்.

"சுகி, சென்சரைக் கழட்டி எறி. வேலை முடிஞ்சுது."

"கழட்டினா அது அலாரமோ, வெறும் பெட்டியோ?"

"அப்ப கதவுச் சுவிட்ச் எல்லாத்தையும் புதிசாப் போடு. வேறை ஒண்டிலயும் கை வைக்காதை. எங்கட வேலை கரண்ட் மட்டும்."

ஓம் ஓம் என்றேன். நல்ல மனுசன்தான். ஆனால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்து ஸ்பனர் பிடிக்கிறார்.

கதவுச் சுவிட்ச் நான்கும் புதிது. உப்புக் காற்றில் பழையவை பச்சை பிடித்துத்தான் இருந்தன. பிறகு வானைச் சித்திரவதை செய்தேன்:
– சில்லுக்கு உதை. சத்தம் இல்லை.
– பக்கத்தில் மணல் லொறி போனது. இல்லை.
– கதவைத் திறந்து பத்துத் தரம் அடித்து மூடிப் பூட்டியது. ஒவ்வொரு தரமும் ஒழுங்காக ஒரு "பீப்". அதற்குப் பிறகு அமைதி.

கதவை அடிக்கும்போது மஜீத் காக்கா துடித்துப் போனார். வானைக் கூட்டிப்போக அப்போதுதான் வந்திருந்தார்.

"புள்ள, மெதுவா! கதவு கழண்டு கையில வந்திரும்!"

பக்கக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது: மெதுவாக மூடவும். கீழே இன்னும் சின்னதாகப் பேனையால்: தயவு செய்து. அந்த வான் அவருக்குப் பிள்ளை மாதிரி. இருபத்தைந்து வயதுப் பிள்ளை.

மாலை வரை ஒரு முனகல்கூட இல்லை. நோய் இருந்தால் மருந்து கொடுக்கலாம். டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப் போகிற பிள்ளையை என்ன செய்வது?

"ஆஸ்பத்திரியில மட்டும்தான் தங்கச்சி" என்கிறார் திரும்பத் திரும்ப. நேவி ரேடாரையும் ஒருதரம் ஞாபகப்படுத்தினார்.

அப்படியென்றால் நான் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

அரிசிக்குள் இருந்த ரிமோட் செத்தே போனது. அரிசியை என்ன செய்வது? கோழிக்குப் போட்டேன்.

ஓகஸ்ட் 6, புதன்

ஆறு பத்துக்கு ஆஸ்பத்திரி வாசல். கடல் பக்கம் இருந்து நல்ல குளிர்ச்சி. மதிலோரம் ஐந்து மான்கள், யாரோ வீசிய கோவா இலையைத் தின்றுகொண்டு.

ஆறரைக்கு வான் வந்தது. மஜீத் காக்கா என்னைக் கண்டு கை காட்டினார். நான் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன்.

அவர் இறங்கி ஓடிப் போய் சக்கர நாற்காலி கொண்டு வந்தார். கிண்ணியா ஐயா ஒருவரை அதில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாகத் தவமணி டீச்சர். சம்பூரில் முதலாவதாக ஏறுகிறபடியால் பின் சீட்டு, பின் சீட்டு என்றபடியால் கடைசி. மெலிந்த ஆள். ஊசி ஏற்றுகிற இடது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வலது தோளில் பை. வலது கையால் கதவை இழுத்தார். அந்தச் சிவப்பு எழுத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு, தூங்குகிற பிள்ளையின் அறைக் கதவை மூடுகிற மாதிரி, மெதுவாக, மரியாதையாக மூடினார்.

மஜீத் காக்கா தூரத்தில் நின்று ரிமோட்டை அழுத்தினார்.

பீப். பீப். பீப்.

மூன்று! என் கராஜில் ஒன்றுதான். ஒரு கதவு திறந்திருந்தால்தான் இந்த அலாரம் மூன்று தரம் கூவும்.

ஓடினேன். கறுப்புக் கண்ணாடி, உள்ளே திரைச்சீலை வேறு. இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். கூரையில் மூன்று உள் லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. வெயிலில் யாருக்குத் தெரியும்?

பக்கக் கதவில் இடுப்பால் ஒரு தள்ளு. "டக்." லைட் மூன்றும் அணைந்தன.

கதவு அரைப் பூட்டில் நின்றிருக்கிறது. இவ்வளவுதான் சங்கதி. காற்று கதவை ஆட்டும், மான் தேய்க்கும், சுவிட்ச் விட்டு விட்டுப் பிடிக்கும், அலாரம் கத்தும். இரண்டு தரம் பற்றரி இறங்கினதுக்கும் காரணம் இதே லைட்தான். மற்ற நேரமெல்லாம் மஜீத் காக்கா தானே கதவை மூடுகிறார். கராஜில் நான் மூடினேன், பேய் மாதிரி அடித்து.

"கதவு திறந்திருந்தா டாஷ்போர்டில ஒரு சிவப்பு லைட் எரியுமே காக்கா. எரியேல்லையோ?" என்று கேட்டேன்.

"அதுவா? அது சும்மா சும்மா எரிஞ்சி தொந்தரவு குடுத்த. பல்பைக் கழட்டிப் போட்டன்."

அட ஆண்டவனே. சும்மா எரியவில்லை காக்கா, அது உங்களைக் கூப்பிட்டது. வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

விழுங்கினதுக்குக் காரணம் வேறு. அந்தக் கதவை மூடினது டீச்சரின் கை. அதைச் சொன்னால் என்ன நடக்கும்? "பாத்தீங்களா, டீச்சராலதான்" என்று அந்த இரண்டு பேரும் குதிப்பார்கள். அவர் செய்ததெல்லாம் எழுதிப் போட்டதை வாசித்து அதன்படி நடந்ததுதான். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுத்திருப்பார். எப்படிச் சொல்லப் போகிறேன்?

இன்று நான் தள்ளி மூடினபடியால் அலாரம் கத்தவில்லை. மஜீத் காக்காவுக்கு ஒரே சந்தோசம், புது சுவிட்ச் வேலை செய்கிறது என்று. நாளைக்கும் கொண்டுவாங்கோ என்றேன். முகம் சுருங்கிப் போனது.

வெள்ளிக்கிழமை கத்தினால் எல்லாம் முடிந்தது.

ஓகஸ்ட் 7, வியாழன்

இரவு யோசித்து யோசித்துத் தலை இடி. விடிய எழும்பி, பிளேன்ரீ குடிக்கும்போது ஒன்று தெரிந்தது. டீச்சரை அடித்து மூடச் சொல்ல ஏலாது. அந்த உடம்பில் பலம் எங்கே? அப்படியென்றால் கதவுதான் மாற வேண்டும். மெதுவாக மூடினாலே மூடுபடுகிற கதவு.

முதலில் சோதனை. இடது கையை நெஞ்சோடு அணைத்து, தோளில் என் ஸ்பனர் பையை மாட்டி, டீச்சர் மாதிரியே மூடினேன். பூட்டினேன். மூன்று பீப். காத்திருந்தேன். பதினொரு நிமிடத்தில் ஒரு பலத்த காற்று. ஊரே கேட்கக் கத்தியது. சலூன்காரர் பாதிச் சவரத்தில் வெளியே ஓடி வந்தார். வாழ்க்கையில் ஒரு அலாரம் கத்தி நான் இவ்வளவு சந்தோசப்பட்டது கிடையாது.

பிறகு கதவைக் கழற்றினேன். மோகனுக்குச் சொல்லவில்லை. இது கரண்ட் வேலை இல்லை, தெரியும். கதவு ஓடுகிற தண்டவாளத்துக்குள் இருந்தவை:
– மணல், ஒரு ஜாம் போத்தல் நிறைய
– பேரீச்சம் விதை எட்டு
– ஒரு சட்டைப் பொத்தான்
– கல்லாய் இறுகின பழைய கிறீஸ்

கதவைத் தாங்கி ஓடுகிற சின்னச் சில்லு ஒரு பக்கம் தேய்ந்து சப்பட்டை. பழைய சாமான் கடையில் ஒன்று தேடி எடுத்தேன். மண்ணெண்ணெயால் தண்டவாளத்தைக் கழுவி, புதுக் கிறீஸ் போட்டு, கொளுக்கி விழுகிற இரும்பை இரண்டு மில்லிமீற்றர் வெளியே எடுத்து இறுக்கினேன். காணாது. இன்னும் ஒரு மில்லிமீற்றர். பிறகு அரை. கை முழுக்கக் கிறீஸ், நெற்றியிலும்.

மூன்றரை மணிக்கு: சின்ன விரலால் இழுத்தேன். ஓடி வந்து தானாகவே "டக், டக்." லைட் அணைந்தது. தனியே நின்று கை தட்டினேன். வெட்கமில்லாமல்.

டாஷ்போர்டுக்கும் புது பல்ப். கழற்ற ஏலாதபடி பிசின் வைத்து ஒட்டியாயிற்று.

நாலு மணிக்கு மஜீத் காக்கா.

"என்ன பிழை தங்கச்சி?"

ஜாம் போத்தலை எடுத்துக் காட்டினேன். "மணல் காக்கா. கதவு கடைசி வரை ஓடேல்ல. ஆர் மூடினாலும் அரைவாசியிலதான் நிக்கும்."

போத்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விதைகளைக் கண்டதும் முகம் ஒரு மாதிரிப் போனது. "இது நான் தின்ட. நோம்பு தொறக்கிற நேரம் வானுக்குள்ள... சரி, வேற ஆருக்கும் காட்டாதீங்க."

"டீச்சரால இல்லை எண்டு அந்த ரெண்டு பேருக்கும் சொல்லுவீங்களோ?"

"சொல்லாம? போத்தலையே கொண்டு போய்க் காட்டுவன். கொட்டையை மட்டும் எடுத்துத் தாங்க."

"ஆர் மூடினாலும்" என்று சொன்னது முழு உண்மை இல்லை. அடித்து மூடினால் மூடுபடும். ஆனால் மணல் உண்மைதானே? அது பாவம் என்றால் என் கணக்கில் போகட்டும்.

‘மெதுவாக மூடவும்’ என்ற ஒட்டியைச் சுரண்டி எடுக்கத் தகட்டைக் கையில் எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். இனி அது இருக்கலாம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காற்று உச்சம். சலூன்காரரின் பெயர்ப் பலகை விழுந்தது.

ஆறரை: இப்போது இறங்கியிருப்பார்கள்.
ஏழு: போன் இல்லை.
எட்டு: ஒரு காரின் அலாரம், ரிமோட் பற்றரி மட்டும். ஐந்து நிமிட வேலை. சரியானவுடன் ஒருதரம் கூவிக் காட்டியது, என் நெஞ்சு திடுக்கிட்டது.
ஒன்பது: போன் இல்லை. நல்லது என்றால் சொல்ல மாட்டாரா? கெட்டது என்றால் சொல்லாமல் இருப்பாரா?
பத்தரை: மோகன் போன். "வானுக்கு என்ன செய்தனீ?" "கதவைக் கழட்டினனான்." அந்தப் பக்கம் சிரிப்பு. "பலகையில உன்ரை பேரைப் போடு" என்றார். பகிடிக்கோ உண்மைக்கோ தெரியவில்லை. நான் உண்மைக்கு எடுத்துக்கொள்கிறேன்.
பன்னிரண்டு: நானே மஜீத் காக்காவுக்கு எடுத்தேன். போன் ஓஃப்! பத்து நிமிடம் தலையில் கை வைத்து இருந்தபின்தான் உறைத்தது, இன்று ஜும்ஆ. மனுசன் பள்ளிவாசலில் இருப்பார். மடைச்சி.

பொறுக்கவில்லை. கராஜைப் பூட்டிவிட்டு சைக்கிளில் போனேன். எதிர்க்காற்று, வாய் நிறைய மணல்.

வான் உள்ளேதான் நின்றது. அதன் நிழலில் ஒரு பெட்டை மான் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. காவல்காரரிடம் கேட்டேன்.

"இண்டைக்கு ஒரு சத்தமும் இல்லை அக்கா. அந்த மான் அரை மணித்தியாலமா உரஞ்சினது, நானே பார்த்துக்கொண்டு நிண்டனான்."

கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். உள்ளே இருட்டு. அழகான, முழு இருட்டு.

அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் தவமணி டீச்சர் தனியே வந்தார். கையில் பிளாஸ்திரி, முகம் வெளிறி, நடை மட்டும் நேர். என் நெற்றியைப் பார்த்தார். நேற்றைய கிறீஸ் இன்னும் போகவில்லை.

"நீங்கள்தானே பாஸ்?"

முதல் ஆள். என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள்.

"ஓம் டீச்சர்."

"மணல் எண்டு மஜீத் போத்தலைக் காட்டினவர். எல்லாருக்கும் காட்டினவர். அந்த ரெண்டு பேரும் என்னட்டைக் குறை நினைக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம்." வானின் கதவைத் திரும்பிப் பார்த்தார். "மணல் மட்டுமோ பிள்ளை?"

காலால் மண்ணைக் கிளறினேன்.

"நான் கணக்குப் படிப்பிச்சனான். எண்ணாமல் இருக்க ஏலாது" என்றார். "சில நாள் மஜீத் கதவை மூடினா ஒரு தரம் கூவும். நான் மூடினா மூண்டு தரம். ரெண்டு கிழமையா எண்ணிக்கொண்டு வந்தனான். என்ன காரணம் எண்டு விளங்கேல்ல, ஆனா என்ரை கையாலதான் எண்டு விளங்கினது. ஒருத்தரையும் கேட்கவும் பயம். கேட்டா இறக்கி விட்டிடுவினம். அதுதான் முந்திக்கொண்டு பஸ்ஸில போறன் எண்டு சொன்னனான்."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"உங்கட பிழை ஒண்டும் இல்லை டீச்சர். மெதுவா மூடச் சொல்லி எழுதிப் போட்டிட்டு, மெதுவா மூடினா மூடுபடாத கதவை வைச்சிருந்தது ஆர்ட பிழை?"

சிரித்தார். வாய் பொத்திக்கொண்டு, வகுப்பில் சிரிக்கக் கூடாத ஆள் மாதிரி.

"அப்ப இண்டைக்குக் காலமை எத்தினை தரம்?" என்று கேட்டேன்.

பதில் சொல்ல முதல் மஜீத் காக்கா தொப்பியோடு ஓடி வந்தார். சிகிச்சை முடிந்து மற்ற நால்வரும் வந்தார்கள். "தங்கச்சி! போனைப் போட மறந்துட்டன் தங்கச்சி, மன்னிச்சிக்கங்க!" வானைத் திறந்தார். மான் எழும்பி விலகியது. எல்லாரும் ஏறினார்கள். பின் சீட்டுக்குப் போகப் போன டீச்சரை மறித்து, கதவடிச் சீட்டில் இருக்கச் சொன்னார். கதவை மூட மஜீத் காக்கா கையை நீட்டினார்.

"விடுங்கோ, நான் மூடுறன்" என்றார் டீச்சர்.

இடது கை நெஞ்சில். வலது கையால் மெதுவாக இழுத்தார். டக், டக். உள் லைட் அணைந்தது. வான் நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் திரைச்சீலை விலகியது. டீச்சர் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். ஒன்றே ஒன்று.